அரைச் சுற்று

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இரண்டு வருஷத்தில் மறந்திருக்கலாம் பார். போன் செய்யலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நான் கத்துவேன், நான்காவது வார்த்தையில் நீ வைத்துவிடுவாய். காகிதம் என்றால் முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். கடையில் இருக்கும் பிஞ்சிங் பிளையர் சரியில்லை. பிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றி முடித்ததும் சார்ஜிங் குழாயை நசுக்கி அடைப்போமே, அந்தப் பிளையர்தான். பள்ளிக்கூடம் போகும் வயசில் அதை வைத்து என் சைக்கிள் மணியை நசுக்கிவிட்டு, தானாகவே நசுங்கியது என்று சாதித்தாயே, அதேதான். புதிது ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். டூல்ஸ் கடைக்காரன் நாலு வகை எடுத்துப் போடுகிறான். நாலையும் காட்டி, "இதுதான் சார் பெஸ்ட்" என்கிறான். எல்லாமே பெஸ்ட் என்றால் நான் என்னத்தைத்தான் வாங்குவது?

நீ கம்ப்ரசர் செய்யும் தொழிற்சாலையிலேயே இருக்கிறாய். அங்கே இதையெல்லாம் தினமும் பார்ப்பாய். எது நல்லது என்று ஒரு வரி எழுது.

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருத்தன்தான். எதிர்க்கடை டெய்லர் உன்னை விசாரித்தார். தரையில் ஈரம் ஏறுகிறது என்று பழைய கம்ப்ரசர் மூன்றை உன் கட்டிலில் ஏற்றி வைத்திருக்கிறேன். நீ வந்தால் இறக்கிவிடலாம். வா என்று சொல்லவில்லை, தகவலுக்காக எழுதினேன்.

அப்பா

—

மார்ச் 15

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிளையர் "சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சரியில்லை? தாடை தேய்ந்துவிட்டதா, பூட்டு வழுக்குகிறதா, ஸ்பிரிங் போய்விட்டதா? இருபது வருஷம் நன்றாக இருந்த இரும்பு திடீரென்று எப்படிக் கெட்டுப்போகும்? அது தெரியாமல் எதை வாங்கச் சொல்வது?

பொதுவாகச் சொல்கிறேன். தாடையில் பல் வெட்டியிருக்கும் பிளையரை வாங்காதீர்கள். அது செம்பைக் கடித்துவிடும், நசுங்குவதற்குப் பதிலாகக் கிழியும். தாடை வழவழப்பாக, முனை உருண்டையாக இருக்கவேண்டும். இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று நேராக மூடவேண்டும். கடையிலேயே வெளிச்சத்துக்கு எதிராக மூடிப்பாருங்கள், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கைப்பிடி நீளமானதாக இருந்தால் அழுத்துவது சுலபம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? கிளினிக் பிரிட்ஜுக்கு அப்புறம் என்னிடம் யோசனை கேட்கிறீர்களே என்றுதான் ஆச்சரியமாக இருக்கிறது. குழாயை நசுக்கியது நீங்கள், வெட்டிய நுனியைப் பற்றவைத்தது நான். ஐந்து வாரத்தில் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கிளினிக் பூட்டியிருந்த இரண்டு நாளில் தடுப்பூசி மருந்து அத்தனையும் கெட்டது. பார்த்தால் என் பற்றவைப்பில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "பாப்பா பத்தவச்சதுலதான் கோளாறு டாக்டர். இனிமே அவளைத் தொடவிடமாட்டேன்" என்றீர்கள். அதற்கப்புறம் தெருவில் யார் கூப்பிட்டாலும், "கேஸ் வேலைன்னா அப்பாவே வரட்டும்மா" என்றுதான் சொன்னார்கள்.

குத்திக்காட்டவில்லை. பொத்தல் என்னுடையதுதான். அது எனக்கே தெரியும்.

இங்கே குழாயை இயந்திரம் நசுக்குகிறது. நசுக்கும்போதே ஒட்டியும் விடுகிறது, நெருப்பே கிடையாது. நான் குழாயை வைத்து மிதியை அழுத்தவேண்டும். அவ்வளவுதான் வேலை. ரூமில் கூட இருப்பவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் வரும்போது அவள் டூட்டிக்குக் கிளம்புகிறாள். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் சினேகிதம்.

மகள்

—

மார்ச் 27

அன்புள்ள பாப்பா,

நீ சொன்னபடி நீளக் கைப்பிடிப் பிளையர் ஒன்றை ஐஸ் பேக்டரி மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். நல்ல சாமான்தான். ஆனால் சுவருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் நான் நுழைவதே பெரும்பாடு, அதில் இது வேறு. கைப்பிடியை விரித்தால் ஒரு பக்கம் சுவரில் இடிக்கிறது, மறுபக்கம் என் வயிற்றில் இடிக்கிறது. வீட்டுக்கார அம்மா, "மெதுவா, பெயின்ட் போயிடும்" என்கிறார். என் வயிற்றைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

பழைய பிளையருக்கு என்ன கேடு என்று கேட்கிறாய். சரியாகப் பூட்டமாட்டேன் என்கிறது. சில நாள் பூட்டுகிறது, சில நாள் அடம் பிடிக்கிறது. சாயங்காலமானால் ரொம்ப மோசம். அதனால் கேஸ் வேலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் மாற்றுவது, கதவு ரப்பர் மாற்றுவது, விளக்கு எரியவில்லை என்றால் போய்ப் பார்ப்பது, இப்படிப் பொழுது போகிறது. மற்ற நேரமெல்லாம் டெய்லர் கடையில் உட்கார்ந்து அவர் காஜா போடுவதைப் பார்க்கிறேன். நல்ல மனுஷன். என் மாத்திரை டப்பா மூடியைக்கூட அவர்தான் தினமும் திறந்துகொடுக்கிறார்.

வேறு வகை இருந்தால் எழுது. திருகு வைத்தது ஒன்று இருக்கிறதாமே?

உன் கூட இருக்கும் பெண்ணை விசாரித்ததாகச் சொல். சாவி கொடுக்கும்போது சொன்னால் போதும்.

அப்பா

—

ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

மாத்திரை டப்பா மூடியை ஏன் டெய்லர் திறக்கிறார்?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாயங்காலமானால் பிளையருக்கு எப்படி மோசமாகும்? இரும்புக்குக் களைப்பு வருமா?

நீங்கள் வாயைத் திறந்து சொல்லமாட்டீர்கள். அதனால் ஒன்று செய்யுங்கள். கால் இன்ச் செப்புக் குழாயில் விரல் நீளத்துக்கு ஐந்து துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பழைய பிளையரால் ஒவ்வொன்றையும் நடுவில் நசுக்குங்கள். பிளையரை எதுவும் மாற்றவேண்டாம், எப்படி இருக்கிறதோ அப்படியே. காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இரண்டு. நம்பர் எழுதி அனுப்புங்கள். நான் பார்த்துவிட்டு எது வாங்கலாம் என்று சொல்கிறேன்.

திருகு வகை இருக்கிறது. சின்ன இரும்புச் சட்டம், நடுவில் குழாயை நுழைத்து மேலே இருக்கும் போல்ட்டை ஸ்பானரால் திருகவேண்டும். மெதுவாகத்தான் இறங்கும். கையால் நெரிக்கவேண்டியதில்லை, மணிக்கட்டைத் திருப்பினால் போதும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்பு வகையும் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது உங்களால் ஆகாது. இன்னொன்று, இப்போது வரும் பிரிட்ஜுகளில் எரியும் கேஸ் இருக்கிறது. லேபிளைப் படிக்காமல் எதிலும் நெருப்பைக் காட்டாதீர்கள். அதற்கென்று வளையம் போட்டு அழுத்தி மூடும் முறை தனியாக இருக்கிறது.

இங்கே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு பிரேசிங், அதான் பத்தவைக்கிற வேலை, தெரியும்னு சொன்னாங்களே, டெஸ்ட் எழுதும்மா, சர்வீஸ் செக்ஷனுக்கு மாத்திடறேன்" என்றார். எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். போன வாரம் யாரும் இல்லாதபோது பர்னரைப் பற்றவைத்துப் பார்த்தேன். குழாய் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. அணைத்துவிட்டேன். மிதி அழுத்துவதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது.

துண்டுகளை அனுப்புங்கள்.

மகள்

—

ஏப்ரல் 14

பாப்பா,

துண்டுகள் இத்துடன் இருக்கின்றன. பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஐந்து கேட்டாய். ஆறு இருக்கும். ஆறாவதில் நம்பர் எழுதவில்லை. உனக்கே தெரியும்.

அப்பா

—

ஏப்ரல் 22

அப்பா,

முதலில் ஐந்து துண்டுகள். ஒன்றும் இரண்டும் பரவாயில்லை. மூன்று ஓரத்தில் மூடவில்லை. நாலாவதை வாயில் வைத்து ஊதினேன், காற்று போகிறது. ஐந்தாவதில் தாடை இரண்டு இடத்தில் பதிந்திருக்கிறது. முதல் தடவை முடியாமல், இரண்டு கையாலும் பிடித்து மறுபடி அழுத்தியிருக்கிறீர்கள். பிளையருக்கு ஒன்றுமில்லை அப்பா. உங்கள் கைதான். எத்தனை நாளாக?

அப்புறம் அந்த ஆறாவது.

என் பற்றவைப்பு எனக்குத் தெரியாதா? நுனியில் பற்றவைக்கும் ராடு உருகிச் சொட்டி, மிளகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் எனக்கு வரும். அந்த ஊசிமுனைப் பொத்தலும் அதில் இருக்கிறது, அது கிளினிக் பிரிட்ஜின் குழாய். அதைத் தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னீர்கள்.

ஷிப்ட் முடிந்ததும் டூல்ஸ் ரூமில் உட்கார்ந்து, பற்றவைத்ததற்குக் கீழே நசுங்கிய இடத்தைக் குறுக்கே அறுத்தேன். அரம் போட்டு வழவழப்பாக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் முடி நுழையும் அளவு கண் திறந்திருக்கிறது. பிளையர் மூடவே இல்லை. அந்த வழியாக வந்த கேஸ்தான் உருகிய ராடைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. யார் பற்றவைத்திருந்தாலும், இந்தத் தொழிற்சாலையிலேயே கெட்டிக்காரரைக் கூட்டிவந்து பற்றவைத்திருந்தாலும், அங்கே பொத்தல் விழுந்திருக்கும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பற்றவைக்கும்போது நான் கேட்டேன், "அப்பா, உள்ளேர்ந்து காத்து வர்ற மாதிரி இருக்கே?" என்று. "பேசாம பத்தவை" என்றீர்கள். நான் பேசாமல் பற்றவைத்தேன். உங்கள் வார்த்தையை நம்பினேன்.

இரண்டு வருஷம் அப்பா. வரிசையில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்று, மருந்தில்லாமல் திரும்பிப்போனார்களே, ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெருப்பைப் பார்த்தால் பயப்படும் ஆளாகிவிட்டேன். இருபத்தாறு வயசில் மிதியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் என் கையால் என்று நினைத்துக்கொண்டு.

கோபத்தில் எழுதுகிறேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. சாவி வாங்கும்போது கூட இருப்பவள், "என்னாச்சு, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்களுக்குத் தெரியும், இல்லையா? ஏன்?

—

மே 3

அன்புள்ள பாப்பா,

தெரியும்.

வலது கட்டைவிரல் அதற்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே மரத்துக்கொண்டிருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்தே அதில் உயிரே இல்லை. பிளையரை மூன்று தடவை அழுத்தினேன், பூட்டு விழவில்லை. கைப்பிடியின் அடியில் ஒரு திருகு இருக்கிறதே, அதை இறுக்கினால் தாடை நன்றாக மூடும், ஆனால் கையில் பலம் வேண்டும். தளர்த்தினால் குழந்தைகூட மூடிவிடும், குழாய் மூடாது. நீ ராடு எடுக்க முதுகைத் திருப்பினாய். நான் அந்தத் திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். பிளையர் டக்கென்று பூட்டியது. நீ திரும்பி, "ஆச்சாப்பா?" என்று கேட்டாய். ஆச்சு என்றேன்.

அரைச் சுற்றுதானே, மிச்சத்தை உன் பற்றவைப்பு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை உன் கைமேல். அந்தக் கையைத்தான் டாக்டர் முன்னால் குற்றம் சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறாய். பயம்தான். பிரிட்ஜுக்காரனுக்குக் கை போய்விட்டது என்று தெருவில் ஒருத்தருக்குத் தெரிந்தால் கடையை மூடிவிட்டு உட்காரவேண்டியதுதான். அம்மா போனபிறகு எனக்கு அந்தக் கடையும் நீயும்தான். நீ சின்னவள், இன்றைக்குப் போன பேர் நாளைக்கு வந்துவிடும், என் கை வராது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. கடையைக் காப்பாற்றிக்கொண்டு உன்னை அனுப்பிவிட்டேன். இப்போது கடை இருக்கிறது. எதிர்க்கடையில் காஜா போடுவதைப் பார்த்துக்கொண்டு நான் இருக்கிறேன். நான் செய்தது பெரிய தப்பு, பாப்பா.

அந்தத் துண்டைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன். மனசு வரவில்லை. உன் மிளகு அதில் இருந்தது.

நேற்றுக் காலையில் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரைத் தனியாகப் பார்க்கலாம் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உன்னைக் குற்றம் சொன்னது தனியாகவா என்று தோன்றியது. உள்ளே போய், வரிசை நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னேன். "டாக்டர், ரெண்டு வருஷம் முன்னாடி மருந்து கெட்டது என்னாலதான். பாப்பா மேல தப்பில்ல. என் கையால குழாய மூட முடியல, நான் மறைச்சுட்டேன்." கட்டைவிரலையும் காட்டினேன். டெய்லரின் சம்சாரமும் வரிசையில் இருந்தார். அப்படியென்றால் இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும், நான் வேறு வீடு வீடாகப் போகவேண்டியதில்லை.

 டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார், நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது கிளினிக் நர்சம்மா சொன்னார், "உங்க பொண்ணு ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி இங்க வந்துச்சு. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அழுதுட்டுப் போச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லையே.

உனக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றால் எழுதவேண்டாம். பிளையரைப் பற்றி இனிமேல் கேட்கமாட்டேன்.

அப்பா

—

மே 24

அப்பா,

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது. திட்டி முடித்தால் அழுகை வருகிறது. இரண்டையும் காகிதத்தில் எழுதி அனுப்பி என்ன செய்வது? கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கிளினிக்கில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன வாரம் டெஸ்ட் எழுதினேன். ஆறு ஜாயின்ட் பற்றவைக்கவேண்டும். முதலாவதுக்கு பர்னரை இரண்டு தடவை அணைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தேன், இரண்டாவதிலிருந்து அணைக்கவில்லை. ஆறையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. சூப்பர்வைசர் என் மிளகைப் பார்த்து, "இது என்னம்மா, மூக்குத்தி மாதிரி?" என்றார். அப்பா, இரண்டு வருஷம் கழித்துச் சிரித்தேன்.

அடுத்த மாதம் சர்வீஸ் செக்ஷனில் சேர்கிறேன். ஊர் ஊராகப் போகும் வேலை. அதனால் இப்போதைக்கு வரமுடியாது. வேலை கிடைக்காமல் இருந்திருந்தாலும் உடனே வந்திருப்பேனா என்று தெரியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்சலில் திருகு வகை ஒன்று அனுப்பியிருக்கிறேன். இங்கே இருப்பதில் நாலைந்தை என் இடது கையால், வலது கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். நீளக் கைப்பிடிப் பிளையரில் உங்களால் முடியும், ஆனால் மறுபக்கக் கைப்பிடியைப் பிடிக்க ஒருத்தர் வேண்டும். பம்ப்பு வகைக்குத் தூக்க ஒருத்தர் வேண்டும். இது ஒன்றுதான் குழாயில் மாட்டினால் தானாக நிற்கிறது. போல்ட்டை ஸ்பானரால் இடது கையிலேயே திருகலாம். அடியில் இரும்பு முட்டும்வரை போகவேண்டும், முட்டியது கையிலேயே தெரியும். பற்றவைத்து ஆறும்வரை கழற்றாதீர்கள். கழற்றியதும் சோப்பு நுரை வைத்து, டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பாருங்கள்.

உங்கள் கூட ஆள் வேண்டாத கருவியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நரம்பு டாக்டரிடம் போனீர்களா?

பாப்பா

—

ஜூன் 8

அன்புள்ள பாப்பா,

பார்சல் வந்தது. நல்ல சாமான். டெய்லர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சுப் பாக்கு வெட்டலாமா?" என்று கேட்டார். கெடுத்துவிடுவார் என்று உடனே பிடுங்கிக்கொண்டேன்.

நரம்பு டாக்டரைப் பார்த்தேன். விரல் இனிமேல் முழுசாகத் திரும்பாது, இதற்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாத்திரை டப்பாவை மட்டும் மூடியில்லாத டப்பாவாக மாற்றிக்கொண்டேன்.

முந்தாநாள் கிளினிக்கிலிருந்து நர்சம்மாவே கூப்பிட்டார். அதே பிரிட்ஜ், கேஸ் குறைந்திருந்தது. நான் வரலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். "வாங்க, உண்மையைச் சொல்ற ஆளாப் பாத்துத்தான் கூப்பிடறேன்" என்றார். லேபிளைப் படித்தேன், பழைய கேஸ்தான், நெருப்புக் காட்டலாம். கேஸ் ஏற்றி, நீ அனுப்பியதைக் குழாயில் மாட்டி இடது கையால் திருகினேன். அடியில் முட்டியது. அதற்குமேல் ஒரு நூல்கூட நகரவில்லை. கையை எடுத்தேன், தானாக நின்றது. நுனியை வெட்டிப் பற்றவைத்தேன். உன் மிளகு எனக்கு வராது, பட்டாணி மாதிரி தடியாக ஒன்று வந்தது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி நுரை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. இனி ஐந்து வாரத்துக்கு வாரா வாரம் போய்ப் பார்க்கப்போகிறேன்.

நல்ல வேலை கிடைத்திருக்கிறது, விடாதே. ஊர் ஊராகப் போகும்போது வழியில் இந்த ஊரும் வந்தால் வா. வராவிட்டால் எழுது. கட்டிலில் இருந்த மூன்று கம்ப்ரசரையும் டெய்லரும் நானும் இறக்கிப் பலகைமேல் வைத்துவிட்டோம். மெத்தையில் எண்ணெய்க் கறை இருக்கிறது, விரிப்பு போட்டால் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போல்ட் முட்டி நின்றதும், பழக்கத்தில், "ஆச்சாப்பா?" என்று நீ கேட்பாய் என்று திரும்பிப் பார்க்காமல் நின்றேன். யாரும் கேட்கவில்லை. நானே "ஆச்சும்மா" என்று சத்தமாகச் சொன்னேன். நர்சம்மா திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை நிஜமாகவே ஆச்சு, பாப்பா.

அப்பா